கடலுக்குப் போகும் நீர்: வெள்ளவத்தையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நகரத்தின் வரலாற்றை அதன் கோட்டைகளிலும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் தேடுவது நமது வழக்கம். ஆனால் நகரம் எங்கிருந்து நீரைக் கொண்டுவந்தது, பயன்படுத்திய நீரை எங்கே அனுப்பியது என்று தேடினால் வேறொரு வரலாறு கிடைக்கும். அது நிலத்துக்குக் கீழே குழாய்களில் எழுதப்பட்ட வரலாறு. கொழும்பைப் பொறுத்தவரை அந்த வரலாற்றின் கடைசிப் பக்கங்களில் ஒன்று வெள்ளவத்தைக் கடற்கரையில் இருக்கிறது.

வெள்ளவத்தை என்றதும் நமக்குக் காலி வீதியின் புடைவைக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளும், போர்க்காலத்தில் வடக்கிலிருந்து வந்து குடியேறிய மக்களும், அவர்களோடு உயர்ந்த தொடர்மாடிகளும் நினைவுக்கு வரும். ஒரு குடும்பம் கிணற்றோடும் தென்னைகளோடும் வாழ்ந்த வளவில் இன்று பல குடும்பங்கள் அடுக்கடுக்காக வாழ்கின்றன. அத்தனை குடும்பங்களும் குளித்த நீர், துவைத்த நீர், வுழூச் செய்த நீர், மலசலகூட நீர் எல்லாம் எங்கே போகின்றன என்ற கேள்வியை நாம் அதிகம் கேட்பதில்லை. பதில் சுருக்கமானது: கடலுக்கு. 1980களில் வெள்ளவத்தையிலும் வடக்கே முகத்துவாரத்திலும் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றருக்கும் அப்பால் நீளும் இரண்டு கடலடிக் குழாய்கள் அமைக்கப்பட்டன. கொழும்பு மாநகரின் கழிவுநீரை ஆழ்கடலில் கலக்கவிடுவதே அவற்றின் வேலை. நகரத்துக்கு அண்மையிலேயே கரையையும் களனி ஆற்றையும் அசுத்தப்படுத்திய பழைய நிலையோடு ஒப்பிட்டால் அது ஒரு முன்னேற்றந்தான். ஆயினும் ஒருமுறை பயன்படுத்திய நீரை நிரந்தரமாகக் கைவிடும் ஏற்பாடு அது.

இவ்வாறு கைவிடுவது இயற்கையின் கட்டளையா, அல்லது ஒரு காலத்தில் சிலர் எடுத்த தீர்மானமா? இந்தக் கட்டுரை தேடுவது அதற்கான விடையைத்தான்.

லெயார்டின் கால்வாய்

வெள்ளவத்தையில் நீரைக் கடலுக்குத் தள்ளும் எண்ணம் 1980களுக்கு மிக முந்தியது. கிருலப்பனைப் பக்கத்துத் தாழ்நிலங்களில் தேங்கும் வெள்ளத்தைக் கடலில் விடுவதற்காக 1870களில் ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. அப்போது மேல் மாகாண அரசாங்க அதிபராக இருந்த சார்ள்ஸ் பீற்றர் லெயார்டின் முயற்சி அது. எதிர்பார்த்த பலனை அது தரவில்லையென்று ஆங்கிலேயரே அதற்கு 'லெயார்டின் மடமை' என்று பெயர் வைத்தார்கள். சிங்கள மக்கள் 'மோட எல' என்றார்கள். முட்டாள் வாய்க்கால் என்பது பொருள். இன்று வெள்ளவத்தைக் கால்வாய் என்று நாம் அழைப்பது அதைத்தான். பிற்காலத்தில் அதன் அருகே எழுந்த வெள்ளவத்தை நெசவாலையும் மறைந்து, அந்த நிலத்தில் ஹெவ்லொக் சிற்றி தொடர்மாடிகள் நிற்கின்றன. கால்வாய் மட்டும் தன் வேலையைத் தொடர்கிறது.

அதே காலப்பகுதியில் நகருக்குள் நல்ல நீரைக் கொண்டுவரும் வேலையும் நடந்தது. அவிசாவளைக்குத் தெற்கே மலையடிவாரத்தில் லபுகம நீர்த்தேக்கம் கட்டப்பட்டு, 1886 அளவில் அங்கிருந்து குழாய்வழியாக நீர் கொழும்பின் மாளிகாகந்தைக்கு வந்து சேர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கலட்டுவாவ நீர்த்தேக்கமும், அதன்பின் களனி ஆற்றிலிருந்து நீரெடுக்கும் அம்பத்தலை நிலையமும் சேர்ந்துகொண்டன.

நீர் வந்த அளவுக்கு வெளியேறவும் வேண்டுமல்லவா? அதுவரை கொழும்பின் மலசலகூடங்கள் வாளிகளை நம்பியிருந்தன. அந்த வாளிகளைத் தலையிலும் வண்டியிலும் சுமந்தவர்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து மாநகரசபை வேலைக்கென அழைத்துவரப்பட்ட ஒடுக்கப்பட்ட மக்கள். கொழும்பின் சுகாதார வரலாற்றை எழுதுகிறவர்கள் பொறியியலாளர்களின் பெயர்களை எழுதியிருக்கிறார்கள். இந்தத் தொழிலாளர்களின் பெயர்களை எழுதியவர் இல்லை. 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில், ஜேம்ஸ் மான்சர் என்ற ஆங்கிலப் பொறியியலாளரின் திட்டத்தைப் பின்பற்றி, நிலக்கீழ்க் கழிவுநீர்க் குழாய்கள் புதைக்கப்பட்டன. வாளி படிப்படியாக மறைந்தது. மனிதனை மனிதன் இழிவுபடுத்திய ஒரு தொழில் குறைவதற்கு அந்தக் குழாய்கள் உதவின என்பதை நன்றியோடு ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இலண்டனின் வழியும் பாரிசின் வழியும்

மான்சர் போன்றவர்கள் வளர்ந்த இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இது பற்றிப் பெரிய விவாதம் ஒன்று நடந்தது. வாந்திபேதியால் ஆயிரக்கணக்கானோர் இறந்த பின்னர், நகரத்தின் கழிவுநீரை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. மழைநீரை ஆற்றுக்கும், கழிவுநீரைப் பயிர்நிலத்துக்கும் அனுப்ப வேண்டும் என்று எட்வின் சட்விக் போன்ற சீர்திருத்தவாதிகள் வாதாடினார்கள். ஜோசப் பசல்கெட் இலண்டனுக்கு அமைத்த பெருங்குழாய்களோ எல்லாவற்றையும் தேம்ஸ் நதியின் கீழ்ப்பகுதிக்குக் கொண்டுசென்று கடலை நோக்கி விட்டன. பாரிஸ் வேறு வழியைத் தேடியது. 1870களில் அந்நகரின் கழிவுநீரில் ஒரு பகுதி ஜென்விலியே என்ற சமவெளியில் காய்கறித் தோட்டங்களுக்குப் பாய்ந்தது. பெர்லினும் அவ்வாறான பாய்ச்சல் வயல்களை அமைத்தது.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் கெய்ரோ. கொழும்பில் நிலக்கீழ்க் குழாய்கள் புதைக்கப்பட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், 1911 இல், கெய்ரோவுக்கு வெளியே ஜபல் அல் அஸ்பர் என்ற பாலைநிலத்தில் நகரத்தின் கழிவுநீரைக்கொண்டு பயிர்செய்யும் பண்ணை தொடங்கப்பட்டது. பாலைவன விளிம்பில் இருந்த கெய்ரோவுக்கு ஒவ்வொரு துளியும் தேவைப்பட்டது. கொழும்புக்கு அந்தத் தேவை இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. ஆண்டொன்றுக்கு 2000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் ஊர், முன்னால் கடல், பக்கத்தில் களனி ஆறு. ஆகவே கொழும்பு இலண்டனின் வழியில் போயிற்று. அது ஒரு தெரிவு. இயற்கையின் கட்டளையல்ல.

குளங்களின் நாடு

இதில் ஒரு முரண் இருக்கிறது. அந்தத் தெரிவைச் செய்த தலைநகரம், பயன்படுத்திய நீரை மீண்டும் பயன்படுத்துவதில் உலகத்துக்கே பாடம் சொல்லக்கூடிய ஒரு நாட்டின் தலைநகரம்.

வன்னியிலும் நுவரகலாவியவிலும் உள்ள சிறுகுளங்களைத் தனித்தனிக் குளங்களாகப் பார்க்கக்கூடாது. ஒரு பள்ளத்தாக்கில் மேலிருந்து கீழாக, சங்கிலிக் கண்ணிகளைப்போல அவை அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. சிங்களத்தில் இதனை 'எல்லங்காவ' என்பர். மேற்குளத்து நீர் அதன் வயலுக்குப் பாய்ந்து, வயலிலிருந்து வடிந்து, அடுத்த குளத்தில் சேர்கிறது. அங்கிருந்து அடுத்த வயல், பின் அடுத்த குளம். ஒரே நீர் கடலை அடையுமுன் பல ஊர்களின் நெல்லை விளைவித்துவிடுகிறது. இந்த அமைப்பை 1985 இல் ஆய்வுலகுக்கு விளக்கி எழுதியவர் பேராசிரியர் மத்தும பண்டார. 2017 இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் இதனை உலகின் முக்கியமான விவசாய மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த முன்னோர் நீரை மறுபடி பயன்படுத்தியதோடு நிற்கவில்லை, அதனைத் தூய்மைப்படுத்தவும் வழி செய்திருந்தார்கள். குளத்துக்குள் நீர் நுழையும் இடத்தில் 'பெரஹன' எனப்படும் புற்படுகை இருந்தது. பெரஹன என்றால் வடி. வண்டலை அது பிடித்துக்கொள்ளும். குளக்கட்டுக்கும் வயலுக்கும் இடையே 'கட்டக்கடுவ' என்ற மரஞ்செடிப் பகுதி, கசியும் நீரிலுள்ள உப்பை வயலுக்குப் போகாமல் உறிஞ்சிக்கொள்ளும். தாவரங்களையும் ஈரநிலத்தையும் கொண்டு நீரைச் சுத்திகரிப்பது பற்றி இன்று பல்கலைக்கழகங்களில் படிப்பிக்கிறார்கள். அதன் அடிப்படை நமது குளக்கட்டுகளுக்கு அடியில் இருக்கிறது. வகுப்பில் நீர்வட்டத்தைக் கரும்பலகையில் வரையும்போதெல்லாம் முகில், மழை, ஆறு, கடல் என்று அம்புக்குறியிட்டு முடித்துவிடுகிறோம். குளத்திலிருந்து வயலுக்கும் வயலிலிருந்து அடுத்த குளத்துக்கும் போகும் அம்புக்குறி பாடநூலில் இல்லை. பிள்ளைகளோ அதைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் வருகிறார்கள்.

குளத்து வடிச்சல் நீர் வேறு, மலசலகூடத்து நீர் வேறு என்று வாசகர் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் நகரக் கழிவுநீரும் நம் நாட்டில் யாரும் திட்டமிடாமலே பயிருக்குப் பாய்ந்துகொண்டுதான் இருக்கிறது. குருணாகல் நகரத்தின் வாய்க்கால்கள் சுமக்கும் கழிவுநீர், நகருக்குக் கீழே வில்கொட அணைக்கட்டின்கீழுள்ள வயல்களுக்குப் போவதைப் பற்றி ஆய்வுகள் நடந்திருக்கின்றன. கொழும்பைச் சூழவுள்ள சதுப்புகளிலும் கால்வாய் ஓரங்களிலும் வளரும் கங்குன்கீரை நகரத்துச் சந்தைகளுக்கே திரும்பி வருகிறது. ஆகவே, கழிவுநீரைப் பயிருக்கு விடலாமா என்று கேட்பதற்குக் காலம் கடந்துவிட்டது. சுத்திகரித்து விடப்போகிறோமா, சுத்திகரிக்காமல் விடப்போகிறோமா என்பதுதான் மிஞ்சியுள்ள கேள்வி. சுத்திகரிக்காத நீரில் குடற்புழுக்களும் நோய்க்கிருமிகளும் தொழிற்சாலைகளின் பார உலோகங்களும் இருக்கும். வயலில் காலுன்றி நிற்பவரையும், கீரையைச் சமைப்பவரையும் அவை தேடிவரும். உலக சுகாதார நிறுவனம் 1973, 1989, 2006 ஆம் ஆண்டுகளில் இதற்கென வழிகாட்டல்களை வெளியிட்டது அதனாற்றான்.

அருவருப்பும் சட்டமும்

கழிவுநீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்தலாம் என்று பேச்செடுத்தால் நம்மவரிடமிருந்து முதலில் எழுவது பொறியியற் கேள்வியல்ல. 'அது நஜீஸ் அல்லவா?' என்பதே.

கேள்வி நியாயமானது. நமது பிக்ஹு நூல்கள் தஹாரத்தில், அதாவது நீரின் தூய்மையில்தான் தொடங்குகின்றன. மத்ரஸாவில் சில மாதங்கள் ஓதிய பிள்ளைக்கும் 'குல்லதைன்' என்ற சொல் தெரியும். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், நீர் இரண்டு குல்லா அளவை, அதாவது ஏறத்தாழ 200 லீற்றரை எட்டிவிட்டால், நிறம், சுவை, மணம் ஆகியவற்றில் ஒன்று அசுத்தத்தால் மாறினாலன்றி அது நஜீஸாகாது. பள்ளிவாசல் ஹவ்ழில் நூறு பேர் கைவிட்டு வுழூச் செய்வது இந்தச் சட்டத்தின் பலத்தில்தான். வுழூவுக்கு ஒருமுறை பயன்பட்ட சிறிதளவு நீரால் மீண்டும் வுழூச் செய்ய முடியாது. ஆனால் அவ்வாறு பயன்பட்ட நீரே ஓரிடத்தில் சேர்ந்து குல்லதைன் அளவை அடைந்துவிட்டால், மத்ஹபின் வலுவான கருத்துப்படி அது தூய்மையாக்கும் தன்மையை மீண்டும் பெறுகிறது.

இதைவிட வியப்பானது அடுத்த சட்டம். அசுத்தத்தால் மாறிப்போன பெருநீர், அந்த மாற்றம் தானாகவே நீங்கினாலோ, மேலும் நீர் சேர்வதால் நீங்கினாலோ தூய்மையாகிவிடும். கஸ்தூரியையோ குங்குமப்பூவையோ போட்டு மணத்தை அடக்கினால் தூய்மையாகாது. ஏனெனில் அங்கே அசுத்தம் நீங்கவில்லை, மறைக்கப்பட்டிருக்கிறது. மறைப்பது வேறு, நீக்குவது வேறு என்ற இந்தப் பாகுபாட்டை பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இமாம்கள் எழுதிவைத்தார்கள். இன்றைய சுத்திகரிப்பு நிலையமொன்றை மதிப்பிடும் பொறியியலாளர் கேட்கும் கேள்வியும் இதுவேதான்.

நவீன காலத்தில் இந்தக் கேள்வி நேரடியாகவே உலமாக்களின் முன் வைக்கப்பட்டது. 1978 இல் சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் சபை, பொறியியல் அறிஞர்களிடம் விளக்கம் பெற்று, ஒரு தீர்மானத்தை வெளியிட்டது. சுவை, நிறம், மணம் ஆகியவற்றில் அசுத்தத்தின் தடயமே இல்லாதபடி சுத்திகரிக்கப்பட்டால் அந்நீர் தூய்மையானது, அதனால் வுழூவும் செய்யலாம் என்றது அத்தீர்மானம். குடிப்பதைப் பற்றி அது எச்சரிக்கையோடு பேசியது. உடல்நலத்தையும் மனித இயல்பின் அருவருப்பையும் எண்ணி, குடிக்காமல் தவிர்ப்பது நல்லது என்றது. சட்டம் எங்கே முடிகிறது, அருவருப்பு எங்கே தொடங்குகிறது என்பதை இவ்வளவு தெளிவாகப் பிரித்த ஆவணங்கள் குறைவு. 1980களில் றியாத்தின் சுத்திகரித்த நீர் அயலிலுள்ள விவசாய நிலங்களுக்குப் போகத் தொடங்கியது. ஜோர்தானில் அம்மான் நகரத்தின் கழிவுநீர் அஸ்ஸம்ரா நிலையத்தில் சுத்திகரிக்கப்பட்டு, தலால் மன்னர் அணையில் சேர்ந்து, ஜோர்தான் பள்ளத்தாக்கின் பயிர்களுக்குப் பாய்கிறது.

அருவருப்பை வென்ற நகரங்கள்

அருவருப்பு என்பது அறியாமையல்ல. நோயிலிருந்து மனிதனைக் காத்த பழைய உணர்வு அது. அதனை இகழாமல் வெல்ல வேண்டும். நமீபியாவின் விண்ட்ஹூக் நகரம் 1968 முதல் சுத்திகரித்த கழிவுநீரைக் குடிநீரோடு சேர்த்து வருகிறது. ஆறில்லாத வரண்ட மேட்டுநிலத்தில் அதற்கு வேறு வழியிருக்கவில்லை. நீருக்கு ஜொகூரை நம்பியிருந்த சிங்கப்பூர், 2003 இல் 'நியூவாட்டர்' என்ற பெயரில் சுத்திகரித்த நீரை வழங்கத் தொடங்கியது. அதற்கு முந்திய ஆண்டுத் தேசிய தினத்தில் அந்நீரைப் போத்தல்களில் அடைத்து மக்களுக்குக் கொடுத்தார்கள். அந்நாட்டிலும் அந்நீரின் பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்கே போகிறது. ஒரு சிறுபகுதியே நீர்த்தேக்கங்களில் கலக்கப்படுகிறது.

மொழியாலும் காலநிலையாலும் நமக்கு அண்மித்த சென்னையில் 1990களின் தொடக்கத்திலிருந்தே மணலிப் பகுதித் தொழிற்சாலைகள், மாநகரின் சுத்திகரித்த கழிவுநீரை வாங்கி மேலும் சுத்திகரித்துப் பயன்படுத்துகின்றன. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வற்றியபோது சென்னை மக்கள் குடங்களோடு தெருவில் நின்றார்கள். அதே காலத்தில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லீற்றர் கழிவுநீரை உயர்தரமாகச் சுத்திகரிக்கும் நிலையங்கள் தொழிற்சாலைகளுக்காக அமைந்தன. தொழிற்சாலை குடிக்கும் ஏரிநீர் மிஞ்சினால் அது மனிதனுக்கு.

நம் நாட்டிலும் உதாரணம் இல்லாமலில்லை. 1990களின் தொடக்கத்தில் கண்டலமக் குளக்கரையில் ஜெப்ரி பாவாவின் வடிவமைப்பில் ஹோட்டலொன்று கட்டப்பட்டபோது, குளம் மாசடையும் என்று அயலூர் மக்களும் பிக்குமாரும் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்புக்குப் பயன் இருந்தது. அங்கு கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டு ஹோட்டலின் தோட்டத்துக்கே விடப்படுகிறது.

வெள்ளவத்தைக்கு என்ன வழி?

வெள்ளவத்தையின் நீரைக் குழாயிட்டு அநுராதபுரத்துக்குக் கொண்டுபோக வேண்டுமென்று யாரும் சொல்லப்போவதில்லை. மேடேற்றும் செலவே அதனை விழுங்கிவிடும். ஆனால் கொழும்புக்கும் நீர்த்தட்டுப்பாடு இல்லையென்று எண்ணுவது தவறு. கடும் வரட்சியில் களனி ஆறு மெலியும்போது கடலின் உப்புநீர் அம்பத்தலையை நோக்கி ஏறுகிறது. அந்த நாட்களில் பூங்காவுக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் கட்டட வேலைக்கும் தொடர்மாடி மலசலகூடத்துக்கும் குடிநீரைச் செலவிடாதிருந்தால், அத்தனை நீரும் ஆற்றில் மிஞ்சும்.

இன்னொரு இழப்பும் உண்டு. கழிவுநீரில் நைதரசனும் பொசுபரசும் இருக்கின்றன. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நமது விவசாயிகள் யூரியாவின்றி நின்றார்கள். அவ்வாண்டு பெரும்போகத்தில் விளைச்சல் விழுந்தது. தடை சில மாதங்களில் நீக்கப்பட்டாலும் வயல்கள் கண்ட நட்டம் கண்டதுதான். அந்த நாட்களிலும் வெள்ளவத்தையின் கடலடிக் குழாய் ஒரு நாட்டின் பசளையைக் கடலுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. அது முழுத் தேவையையும் நிரப்பியிராது. எனினும் பசளைக்கு அந்நியச் செலாவணி தேடும் ஒரு நாடு, கையிலிருப்பதை எறிவதற்கு முன் ஒருமுறையேனும் யோசித்திருக்க வேண்டும்.

2009 இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு கொழும்பின் பழைய கழிவுநீர்க் கட்டமைப்பைப் புதுப்பிக்கும் திட்டம் தொடங்கியது. அதன் பின்வந்த திட்டங்களில் வெள்ளவத்தையில் சுத்திகரிப்பு நிலையம் அமைப்பதும் சேர்க்கப்பட்டது. இது நல்ல செய்தி. ஆனால் சுத்திகரித்த நீரையும் அதே குழாயில் கடலுக்கே விட்டால், லெயார்ட் காலத்து எண்ணத்திலிருந்து நாம் பாதி வழிதான் வந்திருப்போம்.

கொழும்பைவிட அவசரமான இடங்கள் கிழக்கில் இருக்கின்றன. காத்தான்குடி, மருதமுனை, சாய்ந்தமருது போன்ற நெருக்கமான ஊர்களில் கிணறும் மலசலகூடக் குழியும் ஒரே சிறு வளவுக்குள் இருக்கின்றன. மணல்நிலம் இரண்டையும் பிரித்துவைப்பதில்லை. அங்கே கழிவுநீருக்குக் குழாய் போடும் நாள் வரும்போது, கடலைக் கடைசி இடமாக வைத்துத் திட்டமிடக்கூடாது. ஊருக்கு மேற்கே வயல்கள் இருக்கின்றன. பெரிய திட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. வுழூ நீர் மலசலகூட நீரோடு சேராதது. ஒரு ஜும்ஆப் பள்ளியில் வெள்ளிக்கிழமை ஓடும் வுழூ நீரைத் தனிக் குழாயில் பிரித்து, மணலும் கல்லும் நிரப்பிய தொட்டியொன்றின் வழியாகத் தென்னைக்கும் வாழைக்கும் விடுவதற்கு வெளிநாட்டுக் கடனுதவி தேவையில்லை. பள்ளி நிர்வாகத்தின் ஒரு கூட்டமும் ஒரு மேசனின் சில நாள் வேலையும் போதும்.

ஓடும் ஆற்றங்கரையில் நின்று வுழூச் செய்தாலும் நீரை விரயமாக்கலாகாது என்பது நபிகளாரின் போதனையாக நாம் சிறுவயதிலிருந்தே கேட்டுவருவது. ஆற்றுக்கே அந்தச் சட்டம் என்றால் குழாய்க்கு எவ்வளவு பொருந்தும்! வரண்ட வலயத்தில் குளங்களை அடுக்கிய முன்னோரிடமும், ஹவ்ழின் ஓரத்தில் அமர்ந்து குல்லதைன் சட்டத்தை எழுதிய இமாம்களிடமும் நீர் ஒருமுறை மட்டும் பயன்படும் பொருளாக இருக்கவில்லை. இடையில் வந்த நூற்றைம்பது ஆண்டுகளில்தான் அது அப்படியாயிற்று.